சாப்பாட்டுக்கு அரை மணி, சிறுநீருக்குப் பத்து நிமிடம்: சென்னை டெலிவரி ஓட்டுநர்களுக்குச் சட்டம் தருவதும் தராததும்

வேளச்சேரியில் ஒரு டார்க் ஸ்டோரை, அதாவது ஆப் ஆர்டர்களுக்கு மட்டும் பொருள் எடுத்துக் கொடுக்கும் கடைக் கிடங்கை, எடுத்துக்கொள்வோம். அலமாரியிலிருந்து மளிகைச் சாமான்களை எடுத்துப் பையில் போட்டு, பில் ஒட்டிக் கொடுப்பவர் உள்ளே நிற்கிறார். அந்தப் பையை வாங்கிக்கொண்டு கிளம்புகிற ரைடர் வாசலில் நிற்கிறார். இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு ஷட்டர்தான். உள்ளே இருப்பவரை நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்கிறது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். 2021இல் வந்த திருத்தம் அவர் உட்காருவதற்கு இருக்கையும் போடச் சொல்கிறது. வாசலில் நிற்பவருக்கோ அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு கையை விரித்துவிடுகிறது. பயணம் செய்ய வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது வெளிப்படையாகவே விலக்கு எழுதி வைத்திருக்கிறது.

1947இல் அந்த விலக்கு யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு மணிக்கணக்கு பார்க்க முடியாது, அவர் நேரத்தை அவரே வைத்துக்கொள்வார் என்பது அந்தக் காலத்து நியாயம். இன்றைக்கு ரைடரின் ஒவ்வொரு நிமிடத்தையும் கைப்பேசி கணக்கு வைக்கிறது. நேரம் அவர் கையில் இல்லை, விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. டெலிவரி வேலையில் இடைவேளைச் சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வேன் ஓட்டுபவருக்கு என்ன உரிமை

டெலிவரி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் மூன்று வகை: சம்பளத்துக்குச் சரக்கு வேன் ஓட்டுபவர், கான்ட்ராக்டர் மூலமாக வேன் ஓட்டுபவர், ஆப்பில் 'பார்ட்னர்' என்று சேர்ந்து பைக் ஓட்டுபவர். முதல் இருவருக்கு உரிமை எழுத்தில் இருக்கிறது.

சரக்கு வேன், லாரி ஓட்டுபவர்களுக்கு 2025 நவம்பர் வரை அடிப்படையாக இருந்தது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. வாடகைக்குச் சரக்கு ஏற்றுபவர்கள் மட்டுமில்லாமல், தன் சரக்கைத் தன் வண்டியிலேயே அனுப்பும் நிறுவனமும் அதற்குள் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அது போட்ட வரம்பு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்துக் காலையில் தொடங்கி இரவில் முடியும் வரை மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இதில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐந்து மணி நேரம் எப்போதிலிருந்து ஓடத் தொடங்குகிறது? முதல் வீட்டில் பெல் அடிக்கும்போது என்றுதான் ஹப்களில், அதாவது பார்சல்களைப் பிரித்து வண்டியில் ஏற்றும் கிடங்குகளில், கணக்கிடுகிறார்கள். அது தவறு. வண்டி ஓடும் நேரத்தோடு, அதைச் சார்ந்த துணை வேலைகளையும் வேலை நேரமாகவே சட்டம் பார்க்கிறது. காலை எட்டு மணிக்கு ஹப்பில் பார்சல் ஸ்கேன் செய்து லோடு ஏற்றத் தொடங்கிவிட்டால், மதியம் ஒரு மணிக்குள் அரை மணி நேர ஓய்வு வந்தாக வேண்டும். டெர்மினலில் சும்மா காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை நேரம்தான். 'பத்து நிமிஷம் சும்மாதானே உக்காந்திருந்த, அதுதான் உன் பிரேக்' என்று சூப்பர்வைசர் சொன்னால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1961ஆம் ஆண்டுச் சட்டமும் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புக்குள் போய்விட்டன. 8 மணி நேர வரம்பு அதிலும் இருக்கிறது. இடைவேளை எத்தனை நிமிடம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை மட்டும் அரசு அறிவிக்கை மூலம் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார்கள். புதுச் சட்டத்தோடு முரண்படாத பழைய விதிகள் தொடரும் என்ற பாதுகாப்புப் பிரிவும் உண்டு. ஆகவே 'அந்தச் சட்டம் போயிடுச்சு, அரை மணி நேரமும் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் ஆட்களுக்குப் புதுத் தொகுப்பில் ஒரு நன்மையும் இருக்கிறது. குடிநீர், கழிப்பறை போன்ற வசதிகளைச் செய்து தரும் பொறுப்பு முதன்மை முதலாளி மேலேயே, அதாவது கான்ட்ராக்டரை வைத்து வேலை வாங்கும் நிறுவனத்தின் மேலேயே, வைக்கப்பட்டிருக்கிறது. ஹப் வாசலில் எந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகை தொங்குகிறதோ, அவர்களிடமே கேட்கலாம். ஆண்கள், பெண்கள், திருநர் என மூவருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்றும் அது சொல்கிறது.

எழுத்தில் இருப்பது ஏன் கைக்கு வருவதில்லை

அரை மணி நேர ஓய்வைக் காகிதத்தில் யாரும் மறுப்பதில்லை. அதைக் கொல்வது பார்சல் எண்ணிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோடு ஏற்ற ஒரு மணி நேரம், ஏரியாவுக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம், ஆக 150 நிமிடம். ஒரு பார்சலுக்கு நிறுத்தி, படியேறி, ஓடிபி வாங்கி, அடுத்த வாசலுக்குப் போக ஐந்து நிமிடம் என்று வைத்தால், எட்டு மணி நேரத்தில் மீதியுள்ள 330 நிமிடத்தில் 66 பார்சல் முடியும். அதே ஆளிடம் 85 பார்சலை ஏற்றிவிட்டால் 575 நிமிடம், அதாவது ஒன்பது மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் வீட்டுக்குப் போவது இன்னும் தள்ளிப்போகும். யார் உட்காருவார்? மேடவாக்கத்தில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக வந்துவிட்டால் ஐந்து நிமிடக் கணக்கும் தப்பிவிடும். இடைவேளை வேண்டும் என்று கேட்பவர்கள் நிமிடத்தைக் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். லோடு எண்ணிக்கையைக் கேட்க வேண்டும்.

இன்னொரு முடிச்சு வண்டியிலேயே இருக்கிறது. பின்னால் நாற்பது பார்சல், இடுப்புப் பையில் சிஓடி பணம், அதாவது பார்சலைக் கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் வாங்கிய ரொக்கம். லோடு வண்டியைத் தனியாக விட்டு நகரக் கூடாது, காணாமல் போனால் சம்பளத்தில் பிடிப்போம் என்று ஹப்பில் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்ன பிறகு ஓய்வு என்பது ஸ்டீயரிங் முன்னால் டிபன் பாக்ஸைத் திறப்பதுதான். கழிப்பறைக்குப் போவதென்றால் அதுவும் முடியாது. வண்டியில் ஹெல்பர் இருந்தால் மாறி மாறிப் போகலாம். தனி ஆள் என்றால், கேமரா உள்ள பெட்ரோல் பங்க்கிலோ காவலாளி உள்ள பார்க்கிங்கிலோ பூட்டிவிட்டுப் போகலாம், அந்த நேரத்துக்கு ஓட்டுநர் பொறுப்பில்லை என்று ஹப் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பலருடைய வண்டியில் காலி வாட்டர் பாட்டில் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

ஆப் ரைடரின் நிலை

பைக்கில் உணவும் மளிகையும் கொண்டுபோகும் பெரும்பாலானவர்கள் பார்ட்னர்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளர் (வழக்கமான முதலாளி–ஊழியர் உறவுக்கு வெளியே வேலை செய்பவர்), பிளாட்ஃபார்ம் தொழிலாளர் (ஆப் வழியாக வேலை செய்பவர்) என்ற சொற்களுக்கு முதல்முறையாகச் சட்ட வரையறை கொடுத்தது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தத் தொகை தொழிலாளர்களுக்குத் தரும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாது என்பது அதன் ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2023இல் கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியமும் வந்துவிட்டது. விபத்து, இறப்பு, பிள்ளைகள் படிப்பு என உதவிகள் உண்டு, எல்லோரும் பதிவு செய்துகொள்வது அவசியம். ஆனால் நல நிதி வேறு, வேலை நேரம் வேறு. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்ற கேள்விக்கு இவை எதிலும் பதில் இல்லை. விழுந்த பிறகு உதவி கிடைக்கும். விழாமல் இருப்பதற்கான அரை மணி நேரம் கிடைக்காது.

'வேணும்னா ஆஃப்லைன் போய்க்கலாமே' என்பது வழக்கமான பதில். போகலாம்தான். ஆனால் பல ஆப்களில் இன்சென்டிவ் என்பது குறிப்பிட்ட நேர ஸ்லாட்டில் தொடர்ந்து லாகினில் இருப்பதையும், ஆர்டர் எண்ணிக்கையையும், ஆர்டரை மறுக்காமல் இருப்பதையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று, இரவு ஏழிலிருந்து பதினொன்று என்பவை பீக், அதாவது ஆர்டர் குவியும் நேரம். ஊரெல்லாம் சாப்பிடும் நேரத்தில் சோறு கொண்டுபோகிறவர் சாப்பிட முடியாது, இது இந்த வேலையின் இயல்பு. அதனால் பீக்குக்கு வெளியே ஓய்வு எடுத்தால் இன்சென்டிவ் குறையாது என்ற உறுதியும், பீக்குக்குள்ளேயே கழிப்பறைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் லாகினை அறுக்காத ஒரு 'பாஸ்' பொத்தானும் கேட்க வேண்டியவை. இரண்டுமே மென்பொருளில் செய்யக்கூடிய சின்ன மாற்றங்கள்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வண்டியை ஒதுக்கி நிறுத்த இரண்டு நிமிடம், அனுமதி கேட்டுக் கழிப்பறையைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம், மழைக்கோட்டோ ஜாக்கெட்டோ கழற்றிப் போய்வர நான்கு நிமிடம், கையில் சோப்பு போட்டுக் கழுவ ஒரு நிமிடம், ஹெல்மெட் மாட்டிக் கிளம்ப இரண்டு நிமிடம். இதற்குக் குறைத்தால் பெரும்பாலும் வெட்டுப்படுவது கை கழுவுவதுதான். உணவைக் கையாள்பவர்கள் கழிப்பறைக்குப் போய்வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படைப் பாடம். சாப்பாட்டுப் பையை வாங்கிப் போகிறவருக்கு வாஷ்பேசினைக் காட்ட மறுக்கும் ஓட்டல், தன் வாடிக்கையாளரின் தட்டுக்கே கேடு செய்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது

தி.நகரில் ஒரு ஓட்டல், பிக்கப் கவுன்ட்டர். ஆர்டர் தயாராக இன்னும் எட்டு நிமிடம் என்று காட்டுகிறது. "அண்ணே, பாத்ரூம் யூஸ் பண்ணிக்கலாமா?" "கஸ்டமருக்கு மட்டும்தான்பா. எதிர்ல கார்ப்பரேஷன் டாய்லெட் இருக்கு பாரு." எதிரில் போனால் பூட்டு. திரும்பி வருவதற்குள் ஆர்டர் தயாராகி, தாமதம் ரைடர் பெயரில் ஏறியிருக்கும். இது எங்கும் எந்த நாளும் நடப்பது.

இந்த ஓட்டையை நியூயார்க் நகரம் சட்டத்தால் அடைத்தது. 2022 ஜனவரி முதல், ஆர்டர் எடுக்க வரும் டெலிவரி தொழிலாளர் கேட்டால் உணவகம் தன் கழிப்பறையை விட்டாக வேண்டும். சமையலறை வழியாகத்தான் கழிப்பறைக்குப் போக முடியும் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுப் பணியிட விதிகளின்படி, சரக்கு ஏற்ற இறக்க வரும் ஓட்டுநர்களுக்கும் அந்த வளாகத்தின் கழிப்பறையும் கை கழுவுமிடமும் உண்டு என்று அங்குள்ள பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2017இல் தெளிவுபடுத்தியது. இரண்டுமே முதலாளி யார், பார்ட்னரா ஊழியரா என்ற வழக்குக்குள் போகவில்லை. வேலைக்காக எந்த வாசலில் நிற்கிறாரோ அந்த வாசல் திறக்க வேண்டும் என்றன. சென்னைக்கும் இதுவே சரியான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓட்டல்களுக்குத் தொழில் உரிமம் தருவது மாநகராட்சிதான். பிக்கப் வசதி உள்ள ஓட்டல், டார்க் ஸ்டோர், மால் எல்லாவற்றுக்கும் இதை உரிம நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

அது வரும் வரை கையில் இருப்பவை சில. பெட்ரோல் பங்க்குகள் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் டீலர்களுக்குப் போட்டிருக்கும் ஒழுங்குமுறை. கழிப்பறை பூட்டியிருந்தால் சாவி பெரும்பாலும் கேஷியர் மேசையில் இருக்கும். பெட்ரோல் போடும் நேரத்தையும் கழிப்பறை நேரத்தையும் சேர்த்துவைத்துக்கொண்டால் கேட்பதில் தயக்கம் இருக்காது. மாநகராட்சிக் கழிப்பறை பூட்டியிருந்தாலோ தண்ணீர் வராவிட்டாலோ 1913க்குக் கூப்பிட்டு, இடத்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். புகார் எண் இல்லாத புகார் காற்றில் போகும்.

மாநகராட்சி 2025இல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் டெலிவரி தொழிலாளர்களுக்கென்று ஏசி ஓய்வறைகளைத் திறந்தது. உட்கார இடம், கழிப்பறை, போன் சார்ஜ் போட வசதி. மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை இது. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆர்டர் இறக்கியவருக்கு அங்கே போய்த் திரும்பவே கால் மணி நேரம் ஆகிவிடும். பெருங்குடியிலோ போரூரிலோ நிற்பவருக்கு அண்ணா நகர் ஓய்வறை இருந்தும் இல்லாத கணக்குதான். ஒரு பெரிய அறைக்குப் பதிலாக, ஆர்டர் குவியும் தெருக்களில் ஆறேழு பேர் உட்காரக்கூடிய சின்னச் சின்ன அறைகள் அதிகம் பயன்படும்.

பெண் ரைடர்களுக்குக் கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது. உள்ளே தாழ்ப்பாள் விழ வேண்டும், விளக்கு எரிய வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி வேண்டும், பையை மாட்ட ஒரு கொக்கி வேண்டும். கொக்கி இல்லாத இடத்தில் ஹெல்மெட்டையும் போனையும் ஈரத் தரையில் வைக்க முடியாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். இரவு ஷிப்ட் வேண்டாம் என்று பெண்கள் ஒதுங்குவதற்கு இந்தத் தாழ்ப்பாளும் விளக்கும் பெரிய காரணம்.

தண்ணீரைக் குறைத்தால் உடம்பு குறிப்பெடுக்கும்

பாத்ரூம் இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெயிலில் வண்டி ஓட்டும்போது ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் வியர்வையாகப் போகலாம். அதை ஈடுகட்டாமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் சிறுநீரகக் கல்லும் வர வழி பிறக்கும். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. கத்திரி வெயிலில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி, என்பது சரியான அளவு. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் வயிறு கனத்து, உடனே சிறுநீர் முட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர் மஞ்சளாகிவிட்டால் ஏற்கெனவே தாமதம். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலக்க வேண்டும், வழக்கமாக ஒரு லிட்டர். அரை பாட்டிலில் கொட்டிக் குடித்தால் உப்பு மிகுந்து தாகம்தான் கூடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் ஓட்டுநர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. கிளிமிபிரைடு வகை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓட்டினால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பார்வை மங்கும். சிக்னலில் நிற்கும்போது இது வந்தால் வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். உடனே ஓரம் கட்டி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ ஒரு சின்ன பாட்டில் சர்க்கரை கலந்த ஜூஸோ எடுத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, தெளிந்த பிறகே வண்டியைத் தொட வேண்டும். டேங்க் கவரில் நான்கு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

உணவு ரைடர்கள் மதியச் சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது: பதினொன்று மணிக்கு இட்லி, பொங்கல் போல ஏதாவது, மூன்றரை மணிக்குச் சோறு. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய்ப் பொங்கலும் காலை ஏழிலிருந்து பத்து வரை. ஐந்து ரூபாய்ச் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய்த் தயிர் சாதமும் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. பார்சல் வேன் ஓட்டுபவருக்கு அந்த மதிய நேரம் சரியாகப் பொருந்தும். உணவு ரைடருக்கு அதுதான் பீக், அவர் வரும்போது அண்டா காலியாகியிருக்கும். மூன்றரை, நான்கு மணி வரை மதியச் சாப்பாடு கிடைக்கும்படி நேரத்தை நீட்டினாலே ஆயிரக்கணக்கான ரைடர்கள் டீயும் பன்னும் மட்டும் தின்று மாலையை ஓட்டுவது குறையும்.

கேட்பது எப்படி

சம்பள ஓட்டுநராகவோ கான்ட்ராக்ட் ஓட்டுநராகவோ இருந்தால் முதலில் சான்று சேர்க்க வேண்டும். பணி நியமனக் கடிதம், சம்பள ரசீது, பிஎஃப், ஈஎஸ்ஐ எண், டிரிப் ஷீட், லோடு எண்ணிக்கை வரும் வாட்ஸ்அப் செய்தி. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு நேரங்களை மட்டும் எழுதுங்கள்: லோடு தொடங்கியது, சாப்பிட உட்கார்ந்தது, எழுந்தது, ஹப்பில் ஒப்படைத்தது. ஓய்வின் நடுவே ஹப்பிலிருந்து போன் வந்து வேலை பார்த்திருந்தால் அதையும் குறியுங்கள், அது ஓய்வாகாது. பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். ஒருவர் தனியாகக் கேட்பதைவிட ஹப்பில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து கேட்பது பாதுகாப்பு. பதில் வராவிட்டால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 'வேலைப்பளு அதிகம்' என்று பொதுவாக எழுதிய மனு தூங்கும். 'இன்ன தேதியில் எட்டு மணிக்கு லோடு ஏற்றத் தொடங்கி, இரண்டே முக்கால் வரை ஓய்வில்லை' என்று எழுதிய மனுவுக்கு அதிகாரி பதில் கேட்டாக வேண்டியிருக்கும்.

நல்ல எண்ணமுள்ள ஹப் மேனேஜர் ஒருவர் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை டிரிப் ஷீட்டில் இரண்டு கட்டங்களைச் சேர்த்தால் போதும். ஒன்று, ஓய்வு நேரம், ஒரு மணிக்கு முன்பாக. இன்னொன்று, அந்த ரூட்டில் எந்தப் பங்க்கில், எந்தக் கடையில் கழிப்பறை திறந்திருக்கும் என்ற விவரம். அந்த ரூட்டில் நெடுநாள் ஓட்டும் ஓட்டுநரிடம் கேட்டால் இரண்டாவது கட்டத்தை அவரே நிரப்பிக் கொடுத்துவிடுவார்.